கையில் ஒரு அட்மிஷன், காத்திருப்பில் இன்னொன்று: ஏப்ரல் 15க்குள் எதைப் பிடிப்பது?

மார்ச் பிறந்துவிட்டால் என் கைபேசிக்கு ஒரே மாதிரியான செய்திகள் வர ஆரம்பிக்கும். "அக்கா, ஒரு இடத்துல பிஎச்.டி. அட்மிட் வந்திருக்கு, ஸ்டைபெண்டோட. ஆனா நான் ரொம்ப ஆசைப்பட்ட இடத்துல வெயிட்லிஸ்ட்னு சொல்லிட்டாங்க. இப்ப என்ன பண்றது?" ஸ்டைபெண்ட் என்பது படிக்கும்போது பல்கலைக்கழகம் தரும் உதவித்தொகை, வெயிட்லிஸ்ட் என்பது காத்திருப்புப் பட்டியல். நான் அமெரிக்காவில் வேதியியலில் பிஎச்.டி. முடித்தவள். கல்லூரி ஜூனியர்கள், அவர்களுடைய ஜூனியர்கள் என்று இந்தக் கேள்வி வருடா வருடம் கைமாறி வந்துகொண்டே இருக்கிறது. நானும் இதே நிலையில் ஆறு வாரம் தூக்கம் கெட்டவள் என்பதால், யார் கேட்டாலும் உட்கார்ந்து பேசுவேன். போனில் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

வீட்டில் கேட்டால் பதில் சட்டென்று வந்துவிடும்: "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிடாதே." என் அம்மாவும் அதைத்தான் சொன்னார். பாதிக்கு மேல் அது சரியான பதில்தான். ஆனால் உங்கள் முன்னால் இருப்பது இரண்டே வழி என்று நினைத்துக்கொண்டால்தான் அந்தப் பழமொழி முழுதாகப் பொருந்தும். உண்மையில் நான்கைந்து வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கொடுக்கவேண்டிய விலை வேறு.

முதலில், கையில் இருப்பது எந்த வகை அட்மிஷன் என்று பாருங்கள். நிதியுதவியோடு வந்ததா, இல்லாமல் வந்ததா? எல்லாம் இதைப் பொறுத்துத்தான். அமெரிக்காவில் கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது. அதன் 'ஏப்ரல் 15 தீர்மானம்' மாணவருக்குப் பெரிய பாதுகாப்பு. ஃபெல்லோஷிப் (வேலை கேட்காமல் தரும் உதவித்தொகை), டீச்சிங் அசிஸ்டன்ட்ஷிப் (பாடம் நடத்த உதவுவதற்குத் தரும் சம்பளம்), ரிசர்ச் அசிஸ்டன்ட்ஷிப் (ஆய்வில் உதவுவதற்குத் தரும் சம்பளம்) போன்ற நிதியுதவியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் மாணவருக்கு இல்லை. அதற்கு முன்னால் கெடு வைப்பது தீர்மானத்தின் நோக்கத்துக்கு எதிரானது. முன்பே ஏற்றுக்கொண்டிருந்தாலும் ஏப்ரல் 15 வரை எழுத்து மூலம் விலகிக்கொள்ளலாம். இவ்வளவையும் அது சொல்கிறது. இது சட்டம் கிடையாது. கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள் தாங்களே ஒப்புக்கொண்ட நெறி. கையெழுத்திட்டவர்களின் பட்டியல் கவுன்சிலின் தளத்தில் இருக்கிறது, உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை அதில் தேடிப் பாருங்கள்.

எனக்கு வந்த ஒரு அழைப்புக் கடிதத்தில் மார்ச் 20க்குள் பதில் வேண்டும் என்று போட்டிருந்தது. பயந்துபோய் அன்றே சரி என்று எழுதப் போனேன். என் எம்.எஸ்சி. வழிகாட்டிதான் தடுத்து, இரண்டே வரி எழுதச் சொன்னார்: "உங்கள் பல்கலைக்கழகம் ஏப்ரல் 15 தீர்மானத்தில் கையெழுத்திட்டிருப்பதைப் பார்த்தேன். அதன்படி அந்தத் தேதி வரை எனக்கு அவகாசம் தர முடியுமா?" மறுநாளே "தாராளமாக" என்று பதில் வந்தது. கேட்காமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

நிதியுதவி இல்லாத எம்.எஸ். அட்மிஷனை இந்தத் தீர்மானம் காக்காது. அங்கே பல்கலைக்கழகம் வைத்ததுதான் கெடு, அது கேட்பதுதான் டெபாசிட் (இடத்தை உறுதிசெய்யக் கட்டும் முன்பணம்). அதைத் தனியாகப் பின்னால் சொல்கிறேன்.

வெயிட்லிஸ்ட் நகர்வது எப்படி

நம் ஊர் பொறியியல் கலந்தாய்வில் 'அக்செப்ட் அண்ட் அப்வேர்ட்' என்று ஒன்று உண்டு. கேட் என்ற நுழைவுத் தேர்வை எழுதி எம்.டெக்.குக்குப் போகிறவர்களுக்கு ஐஐடிகளின் பொதுத் தளத்தில் 'ரீட்டெய்ன் அண்ட் வெயிட்' உண்டு. கையில் இருக்கும் இடத்தை வைத்துக்கொண்டே மேலே ஒன்று காலியாகிறதா என்று பார்க்கலாம், கணினியே பார்த்துக்கொள்ளும். அமெரிக்க பிஎச்.டி.க்கு அப்படி ஒரு பொதுத் தளம் கிடையாது. ஒவ்வொரு துறையும் தனித்தனியாக மின்னஞ்சலில் நடத்துகிறது. இந்தக் கலந்தாய்வை நீங்களேதான் கையால் நடத்தவேண்டும்.

துறைக்கு ஒரு கணக்கு இருக்கும். பத்துப் பேர் வேண்டுமென்றால் பத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அழைப்பு அனுப்புவார்கள், ஏனென்றால் அழைக்கப்பட்ட எல்லாரும் வரமாட்டார்கள். நல்ல மாணவர் ஒருவர் கையில் நாலு அழைப்பு இருக்கும். அவர் பிப்ரவரி, மார்ச்சில் நேரில் போய்ப் பார்த்து, யோசித்து, ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் ஒன்றைச் சரி என்பார். அந்த நிமிடம் மூன்று இடங்கள் காலியாகும். அவற்றில் ஒன்றை எடுப்பவர் இன்னொரு இடத்தைக் காலி செய்வார். அதனால்தான் மார்ச் முழுக்க அசையாத பட்டியல் ஏப்ரல் 10க்கும் 15க்கும் நடுவில் திடீரென்று ஓடுகிறது.

இன்னொன்றும் தெரிந்திருக்கவேண்டும். பிஎச்.டி. வெயிட்லிஸ்டில் 'நான் எத்தனையாவது ஆள்' என்ற கேள்விக்குப் பல இடங்களில் அர்த்தமே இல்லை. கரிம வேதியியலுக்கு அழைத்தவர் வரவில்லை என்றால், அந்த இடத்துக்குக் கரிம வேதியியல் ஆளைத்தான் தேடுவார்கள். நீங்கள் கோட்பாட்டு வேதியியல் என்றால் பட்டியலின் உச்சியில் இருந்தாலும் அந்த இடம் உங்களுக்கு வராது. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி இது: "என் பிரிவில் இந்த வருடம் இடம் காலியாக வாய்ப்பு இருக்கிறதா? நான் பெயர் குறிப்பிட்ட பேராசிரியர்கள் மாணவர்களை எடுக்கிறார்களா?" இதற்கு வரும் பதிலின் தொனியிலேயே பாதி விஷயம் புரிந்துவிடும்.

இனி வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்

முதல் வழி, கையில் இருப்பதை ஏற்றுக்கொண்டு, வெயிட்லிஸ்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவது. ஜூனியர்கள் பெரும்பாலும் இதை யோசிப்பதே இல்லை. நான் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: இன்று காலையே அந்த வெயிட்லிஸ்ட் இடம் அட்மிஷனாக மாறி வந்துவிட்டது என்று வைத்துக்கொள், யோசிக்காமல் போவாயா? போன வருடம் திருச்சியிலிருந்து பேசிய ஒரு பெண் இந்தக் கேள்விக்கு நீண்ட நேரம் பதிலே சொல்லவில்லை. அப்புறம், "அங்க நான் சேர நினைச்ச சார் அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போறாராம் அக்கா" என்றாள். அப்படியானால் எதற்காகக் காத்திருக்கிறாய் என்றேன். பல்கலைக்கழகத்தின் பெயருக்காக. பெயருக்கு மதிப்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஐந்தாறு வருடம் தினமும் போகப்போவது ஒரு ஆய்வகத்துக்கு, முகம் பார்க்கப்போவது ஒரு வழிகாட்டியை. கையில் இருந்த இடத்தில் அவளுக்குப் பிடித்த பேராசிரியர்கள் மூன்று பேர் இருந்தார்கள். அன்று மாலையே வெயிட்லிஸ்டிலிருந்து விலகி எழுதிவிட்டாள்.

இரண்டாவது வழி, எதற்கும் பதில் சொல்லாமல் ஏப்ரல் 15 வரை வைத்திருப்பது. நிதியுதவியோடு அழைப்பு இருந்து, மேலே சொன்ன கேள்விக்கு "கண்டிப்பா போவேன்" என்ற பதிலும் வந்தால், இதுவே சரியான வழி. செலவில்லை, யார் விதியையும் மீறவில்லை. ஆனால் வைத்திருக்கும் நாட்களில் சும்மா இருக்கக்கூடாது. ஏப்ரல் முதல் வாரத்தில் வெயிட்லிஸ்ட் போட்ட துறைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். என்னிடம் வேறொரு அழைப்பு இருக்கிறது, ஏப்ரல் 15க்குள் பதில் சொல்லவேண்டும், உங்களிடமிருந்து அழைப்பு வந்தால் ஏற்றுக்கொள்வேன், என் விண்ணப்பத்துக்குப் பிறகு நடந்தது இது (ஒரு கட்டுரை ஏற்கப்பட்டது, ஆய்வேடு முடிந்தது). அவ்வளவுதான், ஆறேழு வரி. "வந்தால் நிச்சயம் சேருவேன்" என்பதை உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். கடைசி நாளில் ஒரே ஒரு இடத்தை வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடலாம் என்று பார்க்கும் ஒருங்கிணைப்பாளருக்கு அந்த வரிதான் கண்ணில் படும். வாரம் இரண்டு மின்னஞ்சல் போடுவது வேண்டாம். இந்த ஒன்று, 12 அல்லது 13ஆம் தேதி இன்னொன்று, போதும்.

நேரக் கணக்கையும் எழுதி ஒட்டிவையுங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 இரவு 11.59 என்றால் நமக்கு 16 காலை 9.29. மேற்குக் கரை என்றால் 16 மதியம் 12.29. ஆனால் அலுவலக நேரம் முடியும் மாலை 5 மணி என்று கடிதத்தில் இருந்தால், கிழக்குக் கரைக்கு அது நம் அதிகாலை 2.30. என் வருடத்தில் சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14. அம்மா மாங்காய்ப் பச்சடிக்கு வேப்பம்பூ வறுத்துக்கொண்டிருந்தார், நான் அடுப்படி வாசலில் உட்கார்ந்து நிமிடத்துக்கு ஒரு தரம் மின்னஞ்சலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அன்று இரவு பதினொரு மணிக்கு, என்னை வெயிட்லிஸ்டில் வைத்திருந்த துறையிலிருந்து பதில் வந்தது: உங்கள் பிரிவில் இடம் எதுவும் காலியாகவில்லை, நாளை மாறினால் எழுதுகிறோம். மாறவில்லை. கையில் இருந்த இடத்துக்கு 15ஆம் தேதி சரி என்று எழுதினேன், அங்கேயே படித்தேன்.

மூன்றாவது வழி, கையில் இருப்பதை இப்போதே ஏற்றுக்கொண்டு, வெயிட்லிஸ்டிலும் இருந்து, அது வந்தால் 15க்குள் விலகிக்கொள்வது. தீர்மானத்தின் வாசகம் இதை அனுமதிக்கிறது. ஆனாலும் நான் யாருக்கும் இதைச் சொல்வதில்லை. நீங்கள் சரி என்று எழுதியதும் அந்தத் துறை ஒரு இடம் நிரம்பியது என்று எண்ணிக்கொள்ளும். உங்களைப் போலவே அங்கே வெயிட்லிஸ்டில் இருக்கும் ஒருவருக்கு "வருந்துகிறோம்" என்று மின்னஞ்சல் போய்விடும். நீங்கள் 14ஆம் தேதி விலகும்போது அவர் வேறெங்கோ கையெழுத்துப் போட்டிருப்பார். அந்த இடம் யாருக்கும் இல்லாமல் போகும். ஏப்ரல் 15 வரை சும்மா வைத்திருக்க உரிமை இருக்கும்போது, சரி என்று சொல்லிவிட்டுப் பின்வாங்க என்ன தேவை?

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஆராய்ச்சி நிதி ஆட்டம் காணும் வருடம். 2025 மார்ச்சில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவப் பள்ளி, அரசு ஆராய்ச்சி நிதி என்ன ஆகுமோ என்ற நிலையில், அந்த ஆண்டு உயிர்மருத்துவ பிஎச்.டி.க்குக் கொடுத்திருந்த தற்காலிக அழைப்புகளைத் திரும்பப் பெற்றது. வேறு சில பல்கலைக்கழகங்களும் அந்த ஆண்டு பிஎச்.டி. இடங்களைக் குறைத்தன. அப்படிப்பட்ட காலத்தில் நிதியுதவிக் கடிதம் தெளிவாக இருந்து, இடமும் பிடித்திருந்தால், மார்ச்சிலேயே ஏற்றுக்கொள்வது நல்லது. ஏற்றுக்கொண்டால் மனதாலும் ஏற்றுக்கொண்டு வெயிட்லிஸ்டை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம்.

நான்காவது, ஏப்ரல் 15 தாண்டி அழைப்பு வருவது. நீங்கள் ஒரு இடத்தை ஏற்றாகிவிட்டது, 19ஆம் தேதி ஆசைப்பட்ட இடம் கூப்பிடுகிறது. இதில் அவசரப்பட்டு இரண்டு பக்கமும் சரி என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் ஏற்ற துறைக்கு எழுதி, நடந்ததை மறைக்காமல் சொல்லி, விடுவிக்கிறோம் என்று எழுத்தில் வாங்குங்கள். பிறகுதான் அடுத்த இடத்துக்குப் பதில். எந்தத் துறையிலும் எல்லாரும் எல்லாரையும் தெரிந்தவர்கள்; இன்று நீங்கள் விட்டுவரும் பேராசிரியர் நாளை உங்கள் கட்டுரையை மதிப்பிடுபவராக இருக்கலாம். நேர்மையாகக் கேட்டவரை யாரும் பிடித்துவைத்து நான் பார்த்ததில்லை. சொல்லாமல் காணாமல் போனவர்களைத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள்.

தாமதமாக வரும் அழைப்பின் கடிதத்தையும் நிதானமாகப் படிக்கவேண்டும். முதல் சுற்றில் வந்தவர்களுக்கு ஃபெல்லோஷிப் கொடுத்துத் தீர்ந்திருக்கும், உங்களுக்கு முதல் வருடத்திலிருந்தே டீச்சிங் வேலை இருக்கலாம். எத்தனை வருடத்துக்கு உறுதி, கோடை மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, கட்டணமும் மருத்துவக் காப்பீடும் யார் கட்டுவது என்று நான்கையும் பாருங்கள். ஸ்டைபெண்ட் எண்ணை மட்டும் பார்த்து மயங்கவேண்டாம். எடுத்துக்காட்டுக்கு, ஒரு கடற்கரை நகரத்தில் வருடம் 34,000 டாலர், மாத வாடகை 1,600 என்றால் வாடகை போக மிச்சம் 14,800. உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் 28,000, வாடகை 800 என்றால் மிச்சம் 18,400. குறைந்த சம்பளக்காரர் கையில் 3,600 டாலர் கூடுதலாக நிற்கும். வரியெல்லாம் கழித்தாலும் படம் பெரிதாக மாறாது.

எம்.எஸ். கையில், பிஎச்.டி. வெயிட்லிஸ்டில்

எல்லாவற்றிலும் சிக்கலான நிலை இதுதான். ஏனென்றால் இங்கே வீட்டின் பணம் உள்ளே வருகிறது. நிதியுதவி இல்லாத எம்.எஸ்.ஸுக்கு டெபாசிட் கட்டச் சொல்லும் இடங்களில், பெரும்பாலும் அந்தப் பணம் திரும்பி வராது. அதைக் கட்டிவிட்டு பிஎச்.டி. வெயிட்லிஸ்டில் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது காப்பீட்டுக்குக் கட்டும் தவணை மாதிரி, போனால் போகட்டும் என்று எடுத்துவைக்க முடிந்தால் சரி. டெபாசிட் கட்டுவதற்கு முன், அதைத் தள்ளிப்போட முடியுமா என்று ஒரு வரி கேட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று வாரம் தருகிற இடங்கள் உண்டு.

டெபாசிட்டை விடப் பெரிய விஷயம் கல்விக் கடன். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வங்கி வக்கீலின் சட்டக் கருத்து, மதிப்பீட்டாளர் வந்து வீட்டை அளப்பது என்று ஈடு வைக்கும் கடனுக்கு வாரக்கணக்கில் ஆகும். சென்ற ஏப்ரலில் என் சித்தி மகன் விஷயத்தில், தாத்தா பெயரில் இருந்த ஒரு பழைய பத்திரத்தில் சர்வே எண் தவறாக இருந்ததால் மட்டுமே இருபது நாள் போனது. அதனால் வெயிட்லிஸ்ட் முடிவு தெரியட்டும் என்று கடன் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். சொத்துப் பத்திர வேலை எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் பொது, அதை மார்ச்சிலேயே ஆரம்பிக்கலாம். பல்கலைக்கழகமும் கட்டணமும் போட்டுத் தரும் கடைசி ஒப்புதல் கடிதத்தை மட்டும் பின்னால் வாங்கிக்கொள்ளலாம்.

சரி, பிஎச்.டி. வெயிட்லிஸ்ட் வந்துவிட்டால் எம்.எஸ்.ஸை விட்டுப் போகலாமா? கடன் இல்லாமல், சம்பளத்தோடு படிக்கும் வாய்ப்பு அது. ஆராய்ச்சியில் உண்மையான விருப்பம் இருந்தால் போங்கள். கடனுக்குப் பயந்து மட்டும் பிஎச்.டி.க்குப் போனவர்கள் மூன்றாம் வருடத்தில் திணறுவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். வெயிட்லிஸ்ட் வரவில்லை, எம்.எஸ்.ஸில் மனமும் இல்லை என்றால், ஒரு வருடம் நம் ஊர் ஆய்வகம் ஒன்றில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) ஆகவோ திட்ட உதவியாளராகவோ வேலை செய்து மறுபடி விண்ணப்பிப்பதும் கௌரவமான வழிதான். பெரிய கடனை வாங்கிக்கொண்டு பிடிக்காத படிப்புக்குப் போவதை விட எனக்கு அது மேலாகத் தெரிகிறது.

விசாவுக்கு ஓடும் கடிகாரம்

அமெரிக்க மாணவர் யாருக்கும் இல்லாத ஒரு கவலை நமக்கு உண்டு. ஏற்றுக்கொண்ட பிறகுதான் ஐ-20 (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைச் சான்று) வரும், ஐ-20 வந்த பிறகுதான் சீவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் பதிவு அமைப்பு) கட்டணம் 350 டாலர் கட்டமுடியும், அப்புறம் விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், பிறகு கைரேகைக்கு ஒரு நாள், சென்னை ஜெமினி மேம்பாலத்துப் பக்கத்து அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு ஒரு நாள். ஏப்ரல் 15இல் ஏற்றால் இதற்கெல்லாம் பொதுவாக நேரம் இருக்கும். மே கடைசியில் வரும் வெயிட்லிஸ்ட் அழைப்புக்கு அந்த நிம்மதி இல்லை. 2025இல் மே 27 அன்று புதிய மாணவர் விசா நேர்காணல்களுக்குத் தேதி கொடுப்பதை அமெரிக்கா நிறுத்தி, ஜூன் 18இல்தான் மீண்டும் தொடங்குவதாக அறிவித்தது. அதற்கு முன்பே தேதி வாங்கியிருந்தவர்கள் தப்பித்தார்கள், ஐ-20க்காகக் காத்திருந்தவர்கள் தவித்தார்கள்.

ஏற்கனவே ஒரு இடத்தின் ஐ-20யில் சீவிஸ் கட்டணம் கட்டிவிட்டு வேறு இடத்துக்கு மாறினால், கட்டிய பணத்தைப் புதிய சீவிஸ் எண்ணுக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, திரும்பக் கட்டவேண்டாம். ஆனால் எந்த ஐ-20யோடு முதல் தடவை உள்ளே போகிறீர்களோ, அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் சேரவேண்டும். பழைய ஐ-20யில் போய் இறங்கிக்கொண்டு பிறகு மாறிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மாறுகிறீர்கள் என்றால் மாறிய உடனே இரண்டு பல்கலைக்கழகங்களின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கும் எழுதிவிடுங்கள்.

ஜூனுக்குப் பிறகு வரும் அழைப்புக்கு நான் சொல்வது இது: ஜனவரி அல்லது அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், கையில் விசாவும் சம்பளமும் இருக்கிற இடத்தை விட்டு அதன் பின்னால் ஓடவேண்டாம்.

கடைசியாக ஒரு வேலை, இன்றைக்கே செய்யக்கூடியது. திருச்சிப் பெண்ணின் கையில் மொத்தம் மூன்று அழைப்புகள் இருந்தன. மூன்றாவதுக்குப் போகப்போவதில்லை என்று அவளுக்குப் பிப்ரவரியிலேயே தெரியும், ஆனாலும் "இருக்கட்டுமே" என்று பதில் சொல்லாமல் வைத்திருந்தாள். அந்த இடத்தின் வெயிட்லிஸ்டில் அவளைப் போலவே ஒரு பெண், ஏதோ ஒரு ஊரில், மின்னஞ்சலைத் திறந்து மூடிக்கொண்டிருப்பாள் என்றேன். போனை வைக்காமலே மடிக்கணினியைத் திறந்தாள். என்ன எழுதுவது என்று கேட்டாள். நான் சொல்லச் சொல்ல நாலு வரி தட்டினாள்: அழைப்புக்கு நன்றி, யோசித்து வேறொரு இடத்தை முடிவு செய்திருக்கிறேன், இந்த இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்க இப்போதே தெரிவிக்கிறேன், உங்கள் நேரத்துக்கு நன்றி. அன்று மார்ச் 22. அனுப்பிவிட்டேன் அக்கா என்றாள்.